மணிக்கு விக்கல்

நமுனுகுல மலையின் இந்தப் பக்கச் சரிவில், எங்கள் தோட்டத்துக் கோயில் மணிக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. அதற்கு விக்கல் என்பார்கள். மத்தியான மணி அடித்து ஓய்ந்து, கொழுந்து பறிக்கிற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி செடியில் கைவைக்கிற நேரத்தில், அழைக்காத விருந்தாளி மாதிரி இன்னும் ஓர் அடி விழும். சில நாள் இரண்டு, சில நாள் மூன்று விழும். "ஐயோ, மணிக்கு விக்கல் எடுத்துருச்சுடி, யாராச்சும் ஒரு செம்பு தண்ணி கொண்டு போங்க" என்று மேலே எவளாவது கத்துவாள். சிரிப்பு மலை முழுக்க ஓடும். நானும் சிரித்தவள்தான்.

மணியடித்தவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. கோயிலைக் கூட்டி, விளக்கேற்றி, மணியடிக்கிறவரை எங்கள் ஆட்கள் கோயில்பிள்ளை என்பார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். "உங்க பேரு என்னங்க அய்யா?" என்று கேட்டதற்கு, "பேரு எதுக்குங்க? கூப்பிட்டா வாரேன்ல" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் திருச்சிப் பக்கத்திலிருந்து உபதேசியாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். சாமியார் பதுளை டவுனில் இருந்தார். மாதம் ஒருமுறைதான் குதிரையில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது, சாகக் கிடக்கிறவர்களைத் தேடி ஓடுவது எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. எங்கள் வீடு கோயிலை ஒட்டி இருந்தது. அடுப்படிக் கதவைத் திறந்தால் எதிரே மணி. அதற்குக் கோபுரம் கிடையாது. பலா மரக் கட்டைகளை நட்டுக் குறுக்கே ஒன்றைப் போட்டு, அதில் தொங்கவிட்டிருந்தார்கள்.

அந்த மணி வந்த கதையைக் கோயில்பிள்ளை சொல்லிக் கேட்க வேண்டும். காப்பி அழிந்து தேயிலை நட்ட நாட்களில் தோட்டத்துப் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பையும் குடத்தையும் குத்துவிளக்கையும் எடுத்துக் கொடுத்தார்களாம். அதையெல்லாம் கடல் தாண்டி அக்கரைக்கு அனுப்பி வார்த்து வாங்கினார்களாம். பதுளை வரைக்கும் மாட்டு வண்டியில் வந்த மணியை அதற்கப்பால் கம்பில் கட்டித் தோளில் சுமந்திருக்கிறார்கள். முன் கம்புக்குத் தோள் கொடுத்த இளவட்டங்களில் இவரும் ஒருவர். ஒரு வளைவில் கம்பு முறிந்து மணி உருண்டது. மணிக்கு விளிம்பில் ஒரு துண்டு போயிற்று, இவருக்கு இடது கால் விரல்கள் நசுங்கிப் போயின.

"அதுக்கு ஒதடு போச்சு, எனக்கு வெரலு போச்சு. இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாவே கெடங்கன்னு கயித்த என் கையில குடுத்துட்டாங்க" என்பார். விளிம்பு உடைந்ததால் மணியின் குரலில் லேசான கரகரப்பு இருக்கும். தடுமன் பிடித்த மனிதர் கூப்பிடுவது போல இருக்கும்.

மணிக்கு ஞானஸ்நானம் கொடுத்த கதையைத்தான் அவர் மிகவும் ரசித்துச் சொல்வார். கண்டியிலிருந்து பெரிய சாமியார் வந்தாராம். மணிக்கு வெள்ளைத் துணி போர்த்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவி, எண்ணெய் பூசி, ஒரு புனிதரின் பெயரை வைத்தாராம். பெரிய கங்காணியும் அவர் சம்சாரமும் ஞானத்தாய் தந்தை. "நம்ம மணி வேதத்துல சேந்த மணிங்க. லேசுப்பட்டது இல்ல" என்று சொல்லிவிட்டு, கன்றுக்குட்டியைத் தட்டுவது மாதிரி அதைத் தட்டுவார். ஞானஸ்நானம் வாங்கிய வெண்கலம் என்று நான் அப்போது வாய்விட்டுச் சிரித்தேன். பின்னால் அந்தச் சிரிப்பு எனக்கு நெஞ்சில் முள்ளாயிற்று.

துரை கொடுத்த பழைய கோட்டுதான் கோடைக்கும் குளிருக்கும் அவர் உடுப்பு. மணியடிக்கும்போது மட்டும் அதைக் கழற்றி வேலியில் போட்டுவிடுவார். வெற்றிலை வாயோடு கயிற்றைத் தொட மாட்டார். தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையை உடைத்துக்கொண்டிருந்த காலம் அது. மணி பாதியில் இருக்கும்போது அங்கே வெடி போட்டுவிட்டால் அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வெடிச் சத்தம் அடங்கும் வரை நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். "குறுக்க பேசுற ஆளு முன்னாடி சாமி கும்பிட முடியுங்களா?" என்பார்.

இத்தனை பக்குவமாக அடிக்கிறவருக்கு எண்ணிக்கை மட்டும் ஏன் தப்புகிறது என்று எனக்கு ஆச்சரியம். மத்தியான மணி என்பது மும்மூன்றாக மூன்று தடவை, பிறகு விடாமல் கொஞ்ச நேரம். இதில் தப்புவதற்கு என்ன இருக்கிறது? கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு எண்ணத் தெரியாதுங்க உபதேசியாரம்மா" என்பார். சாமியார் கேட்டாலும் அதே பதில்தான். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், பைபிள் தமிழ் பேசுவார். "ஒன்பது வரை எண்ண அறியாத மனுஷனும் உண்டோ!" என்று அலுத்துக்கொண்டு குதிரையில் ஏறிவிடுவார்.

ஒருநாள் கோயில்பிள்ளையின் கோழி குஞ்சுகளோடு எங்கள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. வந்தவர் நின்ற வாக்கில் பார்த்துவிட்டு, "ஒண்ணக் கீரி கொண்டு போயிருச்சு" என்றார்.

"எண்ணத் தெரியாதுன்னு ஊரையே ஏமாத்துறீங்களே அய்யா! இப்ப மட்டும் எப்படி எண்ணுனீங்க?"

"குஞ்ச யாருங்க எண்ணுறா? பாத்தாலே தெரியும். ஒண்ணு இல்லேன்னா அது நிக்கிற எடம் காலியாத் தெரியுமில்ல."

மனுஷன் மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

துக்க மணிக்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆண் செத்தால் மூன்று அடி, பெண்ணுக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று. மலையில் வேலை செய்கிறவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் கைவேலையை நிறுத்தி, ஒன்றோடு நிற்கிறதா, மேலே போகிறதா என்று காது கொடுப்பார்கள். ஆனால் எல்லாருக்கும் மணி கிடையாது. ஞானஸ்நானம் பெறாமல் போனவர்களுக்கு இல்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கும் இல்லை. அவர்களைக் கல்லறை வேலிக்கு வெளியே வைத்துவிடுவார்கள்.

மேல் லயத்து வரிசை வீட்டு ஆள் ஒருவன் தேயிலைக்குள் நிழல் மரத்தில் தொங்கிவிட்டான். வேலிக்கு வெளியேதான் புதைத்தார்கள். அவன் பெண்சாதி, "ஒரே ஒரு அடியாவது அடிங்க சாமி" என்று என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவர் என்ன செய்வார்? மறுநாள் மத்தியான மணி முடிந்ததும் மூன்று விக்கல். நானும் மற்றவர்களும் சிரித்தோம். அந்தப் பெண் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

என் முதல் பிள்ளை எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை.

என் வீட்டுக்காரர் அன்று தெமோதரையில், ரயில் பாதை ஆட்களுக்குச் செபம் சொல்லப் போயிருந்தார். மருத்துவச்சி லயத்தில் இருந்த மாரியம்மன் பக்தை, தங்கமான மனுஷி. பிள்ளையை எடுத்து என் பக்கத்தில் போட்டாள். ஓர் உலை கொதிக்கிற நேரம்தான் அது உயிரோடு இருந்திருக்கும். நான் நினைவில்லாமல் கிடந்தேன். சாகப்போகிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது அவளுக்குத் தெரியாது. "தண்ணி ஊத்தணும்னு யாரும் சொல்லலியே தாயி. சொல்லியிருந்தா ஆத்தையே கொண்டாந்து ஊத்தியிருப்பேனே" என்று பிறகு மாரில் அடித்துக்கொண்டாள்.

ஆள் போய்ச் சொல்லி, என் வீட்டுக்காரர் மழையில் ஓடி வந்தார். நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். இந்த மலை முழுக்க, எத்தனையோ பேருடைய பிள்ளைகளுக்கு எத்தனையோ லயத்துக் காம்பராக்களில் கடைசி நேரத்தில் தண்ணீர் ஊற்றியவர். எங்கள் பிள்ளை குளிர்ந்து போயிருந்தது. செத்தபின் ஊற்றக் கூடாது என்பது அவர் ஊருக்கே சொல்லிக்கொடுத்த பாடம். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வெண்கலத்துக்குக் கிடைத்த தண்ணீர் என் வயிற்றில் பிறந்ததற்குக் கிடைக்கவில்லை.

காலையில் கோயில்பிள்ளை வேலிக்கு வெளியே குழி வெட்டினார். என் வீட்டுக்காரர் பிள்ளையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். மணி இல்லை. ஊரில் பாதிப் பேருக்குச் செய்தியே தெரியாது.

நான் அடுப்படிக் கதவோரம் பாயில் கிடந்தேன். மத்தியான மணி அடித்தது. மும்மூன்றாக விழுந்து, தொடர்ந்து அடித்து, ஓய்ந்தது. அதன் கரகரப்பு காற்றில் கரைகிற வரைக்கும் அவர் காத்திருந்தார். பிறகு ஒரே ஓர் அடி.

அதோடு நின்றுவிட்டது. குழந்தைக்கு.

இத்தனை நாளும் விழுந்த விக்கல்கள் எல்லாம் யாருக்காக என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கிற்று. மேலே மலையில் வழக்கம்போல எவளோ தண்ணீர்ச் செம்பு கேட்டுக் கத்தினாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பாயைக் கடித்துக்கொண்டு அழுதேன். பிள்ளை செத்ததிலிருந்து அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்த நேரத்துக்கு எழுந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். மணி முடிந்தது. கயிற்றை விடப்போனவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, கயிற்றை மறுபடி பிடித்து ஓர் அடி அடித்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. அன்றிலிருந்து அது தினப்படியாயிற்று. முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு நான் படியில் உட்காருவேன், அவர் அடிப்பார், நான் எழுந்து உலை வைப்பேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, கோட்டை மாட்டிக்கொண்டே, "விக்கல் எடுத்தா யாரோ நெனைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க இல்லீங்களா தாயி?" என்றார். "ஆமாங்க அய்யா" என்றேன். அந்த அடி விழும்போது என் வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும் காதில் விழாதவர் மாதிரி இருப்பார். எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வரும்.

ஊருக்கு அது பழகிய விக்கல். புதிதாக வந்தவளுக்கு எப்படித் தெரியும்? அந்த வருஷம் அக்கரையிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் வேதத்துக்காரி. அவள் ஊரிலும் ஒற்றை அடி என்றால் குழந்தைதான். கைக்குழந்தையைக் காய்ச்சலோடு பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போயிருந்தாள். மத்தியான மணிக்குப் பின்னால் ஒற்றை அடி கேட்டதும், கூடையை வீசிவிட்டுச் சரிவில் ஓடினாள். மழைத் தண்ணீர் போக வெட்டிய கான் ஒன்றைத் தாண்டும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டாள். குழந்தை பிள்ளைக்காம்பராவில் விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

கோயில்பிள்ளை அன்று பொழுது சாயும்வரை அவள் லயத்து வாசலில் குந்தியிருந்தார். திரும்பி வந்தவர் என்னிடம், "ஒருத்தரத் தேத்துறதுக்கு அடிச்சது இன்னொருத்தரத் தள்ளி விட்டுருச்சே" என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அவர் என் பக்கம் பார்த்தபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் கட்டை மேல் ஏறி, மணியின் நாக்கைக் கையால் பிடித்து, விளிம்பில் மெள்ளத் தொட்டார். எங்கள் வாசற்படியைத் தாண்டி அந்தச் சத்தம் போயிருக்காது.

துரை சும்மா இருப்பாரா? பதுளைக்கு ஆள் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் கோயிலுக்குள்ளேயே விசாரித்தார்.

"இனிமேல் சரியாக எண்ணி அடிப்பேன் என்று ஆண்டவர் சந்நிதியில் சத்தியம் செய்வீரா?"

"எனக்கு எண்ணத் தெரியாதுங்க சாமி."

அந்த ஒரு பொய்யை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார். ஆனால் பொய்ச் சத்தியம் செய்ய அவருக்கு வராது. எனக்குப் பொறுக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"அவருக்கு எண்ணத் தெரியுங்க சாமி. என் பிள்ளைக்காகத்தான் அடிச்சாரு. மணி இல்லாமப் போன என் பிள்ளைக்கு."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோயில்பிள்ளை என் பக்கம் திரும்பவேயில்லை.

"அம்மா துக்கத்துல சொல்றாங்க சாமி. அப்படியெல்லாம் இல்லீங்க. எனக்குத்தான் வயசாகிப் போச்சு, கை தப்புது."

அவர் ஒத்துக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி உபதேசியாருக்கு வந்திருக்கும். வீட்டு வாசலில் தினமும் முறை மீறி அடித்த மணியை எப்படி விட்டீர் என்று கேட்டிருப்பார்கள். எங்களுக்கு வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். அது எனக்கு அப்போதே தெரிந்தது. இருந்தும், அவர் ஒத்துக்கொள்ள மாட்டாரா என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. என் பிள்ளைக்காக என்று ஒரே ஒரு தடவை நாலு பேர் கேட்க அவர் சொல்லியிருக்கலாம்.

சாமியார் என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். "இனி நீர் மணியைத் தொட வேண்டாம்" என்று மட்டும் அவரிடம் தணிந்த குரலில் சொன்னார்.

கோயில்பிள்ளைக்கு அக்காள் மகள் ஒருத்தி மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். அங்கே போவதற்கு முன்னால் கோழியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "அடைக்கு உக்காரப் போவுது, பாத்துக்கங்க" என்றார். கொஞ்ச தூரம் நொண்டிப் போனவர் திரும்பி நின்று, "படியில ரொம்ப நேரம் குந்தாதீங்க தாயி, பனி" என்றார். மணியை அவர் தொடவில்லை. சொன்ன சொல் தவறாதவர்.

புதிதாக வந்தவன் படித்தவன், சுத்தமாக அடிப்பான். ஓர் அடி கூடாது, ஓர் அடி குறையாது. "என்னடி, விக்கல் நின்னு போச்சு" என்று மலையில் இரண்டொரு நாள் பேசிச் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். நான் மட்டும் முறத்தோடு படியில் உட்கார்ந்திருப்பேன். மணி ஓய்ந்ததும் அந்த இடம் காலியாகத் தெரியும். அவர் குஞ்சை எண்ணியது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த மாரியில், சாமியார் வந்திருந்த ஒரு நாள், கோயில்பிள்ளையின் அக்காள் மகள் புருஷன் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றான்.

"மாமா போயிட்டாருங்க. முந்தாநேத்து எடுத்துட்டோம். உங்ககிட்டச் சொல்லணும்னு கேட்டுக்கிட்டாரு."

"மணி அடிச்சாங்களா?"

"அங்க ஏதுங்க கோயிலு, மணி? தப்பு அடிச்சித்தான் தூக்குனோம்."

என் வீட்டுக்காரர் சாமியாரிடம் போய்க் கேட்டார். செத்தது வேறு தோட்டத்தில், அடக்கமும் முடிந்துவிட்டது, இனி மணி முறையில்லை, ஞாயிறு பூசையில் அவருக்காக மன்றாடுவோம் என்று சாமியார் சொன்னாராம். நியாயம்தான். அவர் சொன்ன எதுவும் எப்போதும் நியாயமாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஆயிற்று. புதியவன் சுத்தமாக அடித்து முடித்துக் கயிற்றை விட்டான். நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அதைப் பிடித்தேன். கயிறு மழையில் ஊறிக் கனத்தது. கோயில்பிள்ளை பிடித்துப் பிடித்து வழவழப்பான இடம் கைக்கு நன்றாகத் தெரிந்தது. இழுத்தேன். மூன்று அடி. கரகரப்பு அடங்கும்வரை, அவர் நிற்கிற மாதிரியே நின்றேன். பிறகு ஓர் அடி. மலையில் எவளும் கத்தவில்லை.

சாமியார் வெளியே வந்துவிட்டார். பின்னால் என் வீட்டுக்காரர் நின்றார்.

"யார் தப்பாக அடித்தது?"

"நான்தாங்க சாமி" என்றேன். "எனக்கு எண்ணத் தெரியாதுங்க."

சாமியார் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மழையில் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். கயிற்றில் இருந்த என் கைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

"ஆமாங்க சாமி. எங்க ரெண்டு பேருக்குமே எண்ணத் தெரியாதுங்க."